முதல் நடை யாருக்கு

ஒரு திங்கட்கிழமை காலை, பதினோரு மாதக் குழந்தை ஒன்றின் முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்து, ஒரு கையில் போனைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் ஒரு மரக்கட்டையின்மேல் இன்னொரு மரக்கட்டையை வைத்துக் காட்டிக்கொண்டிருந்தேன். அந்த வாரம் அந்தக் குழந்தைக்கான இலக்கு அதுதான்: இரண்டு கட்டைகளை அடுக்குதல். அடுக்கும்போது வீடியோ எடுத்து ஆப்பில் ஏற்ற வேண்டும். குழந்தை என்னைப் பார்த்தது. கட்டையைப் பார்த்தது. பிறகு மேல் கட்டையை எடுத்து வாயில் வைத்து, புதிதாக முளைத்திருந்த பல்லால் அதைச் சுரண்ட ஆரம்பித்தது. நான் கட்டையை வாங்கித் துடைத்து மறுபடி அடுக்கினேன். இந்த முறை அது கட்டையைத் தொடவே இல்லை. போனைப் பிடித்து இழுத்தது. போன் விழுந்தது. சத்தத்தில் பக்கத்து மெத்தையில் தூங்கிக்கொண்டிருந்த குழந்தை எழுந்து அழுதது. அது அழுததும் மற்ற இரண்டும் சேர்ந்துகொண்டன. அன்று நான் எடுத்த வீடியோவில் கூரை மின்விசிறியும் என் பெருமூச்சும் மட்டும்தான் பதிவாகியிருந்தன.

பெங்களூரு வைட்ஃபீல்டில் ஐ.டி. அலுவலகங்களுக்கு நடுவே இருக்கும் ஒரு டேகேரில் கைக்குழந்தைகள் அறை என் பொறுப்பு. ஆறு மாதத்திலிருந்து ஒன்றரை வயது வரை. வீடு ஜோகுபாளையத்தில். காலையில் அல்சூரில் மெட்ரோ ஏறினால் பெட்டி முழுக்க லேப்டாப் பைகள். என் பையில் மட்டும் மாற்று குர்தா ஒன்று இருக்கும். ஏதாவது ஒரு குழந்தை என்மேல் கக்காத நாள் அபூர்வம். அறையில் எனக்குத் துணையாக ஹாசன் ஊர்ப்பக்கத்துக் கன்னடப் பெண் ஒருத்தி. அவளுக்குத் தமிழ் புரியும், பேச வராது. எனக்குக் கன்னடம் இரண்டாவது தாய்மொழி. அவள் கன்னடத்திலும் நான் தமிழிலும் பேசிக்கொண்டே ஒரு நாளைக் கடத்திவிடுவோம்.

ஆப் வருவதற்கு முன்னால் எல்லாம் வாசலிலேயே முடிந்துவிடும். சாயங்காலம் அம்மாவோ அப்பாவோ வருவார்கள். "மத்தியானம் சரியா தூங்கல, சீக்கிரம் படுக்க வெச்சிருங்க", "இன்னிக்கு தானா உருண்டு படுத்துச்சு", "கேரட் துப்பிடுச்சு, வீட்ல குடுக்காதீங்க" என்று சொல்வேன். அவர்கள் குழந்தையின் கழுத்தில் மூக்கை வைத்து முகர்ந்துகொண்டே கேட்பார்கள். போய்விடுவார்கள்.

பிறகு புது சென்டர் ஹெட் வந்தார். சென்னைக்காரர், எம்.பி.ஏ. படித்தவர், எங்களிடம் வருவதற்கு முன்னால் வேறு ஏதோ கம்பெனியில் விற்பனைப் பிரிவில் இருந்தாராம். கெட்டவர் இல்லை. ஆசிரியைகளுக்குப் பிறந்தநாள் என்றால் கேக் வாங்கி வெட்டச் சொல்வார். ஆனால் வந்த முதல் மாதமே எங்களை எல்லாம் உட்கார வைத்து ஆப்பைத் திறந்து காட்டினார். ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு பக்கம். ஒவ்வொரு வாரமும் இலக்குகள். எட்டினால் பச்சை வட்டம், பாதி எட்டினால் மஞ்சள், இல்லையென்றால் சாம்பல். பச்சை வட்டத்துக்கு வீடியோ அத்தாட்சி கட்டாயம்.

"பேரன்ட்ஸுக்கு டேட்டா வேணும். 'நல்லா சாப்பிட்டா, நல்லா தூங்கினா'ன்னு வாசல்ல சொல்றதெல்லாம் டேட்டா இல்ல" என்றார்.

"ஏழு மாசக் குழந்தைக்கு வாராவாரம் என்ன இலக்கு வெக்கிறது மேடம்? அது வளர்றதே அதோட வேலதானே" என்றேன்.

"அந்த வளர்றதைத்தான் காட்டணும்ங்கிறேன்."

அவருக்கும் மேலே ஒரு தலைமை அலுவலகம் இருந்தது. எந்தக் கிளையில் எத்தனை பச்சை என்று அங்கே யாரோ பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இலக்குகளே வேண்டாம் என்று சொல்கிற ஆள் இல்லை நான். டிப்ளமோ படிக்கும்போது எந்த மாதத்தில் குழந்தை கண்ணால் பொருளைத் தொடரும், எப்போது கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் சேர்த்து ஒரு பொரியை எடுக்கும், ஒளித்து வைத்த பொம்மையை எப்போது தேடும் என்பதையெல்லாம் மனப்பாடமாகப் படித்தவள். அது வீண் படிப்பு இல்லை. சில வருஷங்களுக்கு முன் ஒரு குழந்தை, பின்னால் நின்று பேசினால் திரும்பவில்லை. தட்டைக் கீழே போட்டுப் பார்த்தேன், அப்போதும் திரும்பவில்லை. அதன் அம்மாவை உள்ளே கூப்பிட்டுச் சொன்னேன். அவர் முதலில் என்மேல் கோபப்பட்டார். அப்புறம் காதைப் பரிசோதித்தார்கள். இன்று அந்தக் குழந்தை காதில் கருவியோடு பள்ளிக்கூடம் போகிறது. இலக்கு எதற்கு என்றால் இதற்குத்தான். ஏதாவது தப்பி நின்றால் நம் கண்ணில் பட வேண்டும் என்பதற்கு. திங்கட்கிழமை விதைத்து வெள்ளிக்கிழமை அறுப்பதற்கு இல்லை. இதை நான் எத்தனை கூட்டங்களில் சொல்லியிருப்பேன் என்று எனக்கே அலுத்துவிட்டது. கேட்கிறவர்கள் தலையாட்டிவிட்டு அடுத்த ஸ்லைடுக்குப் போய்விடுவார்கள்.

அந்தச் சமயத்தில்தான் அந்தப் பெண் குழந்தையின் விவகாரம் ஆரம்பித்தது.

ஈரோட்டுப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். அம்மா, அப்பா இரண்டு பேரும் ஐ.டி.யில். குழந்தைக்கு ஒன்றே கால் வயது. பளபளவென்று இரண்டு கண்கள், எதைக் கொடுத்தாலும் சாப்பிடுகிற வாய். தவழவே இல்லை அவள். உட்கார்ந்த வாக்கில், ஒரு காலை மடித்து, மறுகாலால் தரையை உந்தி, பின்பக்கத்தாலேயே நகர்ந்து போவாள். படகு போவது மாதிரி இருக்கும். அந்த வேகத்தை நீங்கள் பார்க்க வேண்டும். கதவு திறக்கும் சத்தம் கேட்டால் அறையின் அந்த மூலையிலிருந்து இந்த மூலைக்கு வந்துவிடுவாள். இப்படி நகர்கிற குழந்தைகள் கொஞ்சம் தாமதமாக நடப்பது சகஜம். கைகள் இரண்டும் காலியாக இருக்கின்றன, போக வேண்டிய இடத்துக்குப் போக முடிகிறது, பிறகு எதற்கு எழுந்து நிற்க வேண்டும்? குழந்தை மருத்துவரும் காலை, இடுப்பை எல்லாம் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை, பொறுங்கள் என்று சொல்லியிருந்தார்.

ஆனால் ஆப்பில் நடை என்கிற வட்டம் சாம்பலாக இருந்தது.

அப்பா ஒவ்வொரு வாரமும் அதைப் பார்த்தார். அவருடைய அக்கா ஊரில் இருந்தார். அந்த அக்காவின் குழந்தை பத்தாவது மாதத்தில் நடந்ததாம். அந்தத் தகவல் ஞாயிற்றுக்கிழமைதோறும் வீடியோ காலில் புதுப்பிக்கப்பட்டு வந்தது. தள்ளிக்கொண்டு நடக்கும் வண்டி ஒன்று வாங்கினார்கள். அழுத்தினால் கீச் கீச் என்று கத்தும் செருப்பு வாங்கினார்கள். குழந்தை வண்டியை அலட்சியம் செய்தாள். செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துத் தரையில் அடித்துக் கத்த வைத்தாள்.

பெற்றோர் சந்திப்பு வந்தது. சென்டர் ஹெட்டின் அறை. குழந்தை அம்மாவின் மடியில். அப்பா போனை மேஜைமேல் வைத்து எங்களுக்குத் தெரிகிற மாதிரி திருப்பினார்.

"மேடம், இது ரெண்டு மாசமா கிரேலயே இருக்குதுங்க. இதுக்கு ஆக்‌ஷன் பிளான் என்னங்க?"

"பிளானா?" என்றேன்.

"ஆமாங்க. ஒரே இடத்துலயே நிக்குதுல்ல."

"நிக்கல சார். உக்காந்துதான் இருக்கா."

யாரும் சிரிக்கவில்லை. சென்டர் ஹெட் என்னை ஒரு பார்வை பார்த்தார். குழந்தையின் அம்மா மட்டும் தலையைக் குனிந்து குழந்தையின் சாக்ஸைச் சரிசெய்தார். அந்தச் சந்திப்பு முழுக்க அவர் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை.

"சார், இந்தக் குழந்தைக்கு எல்லாம் சரியா இருக்கு. சொன்னா புரிஞ்சுக்கிறா, கை காட்டிக் கேக்கிறா, புடிச்சிட்டு எழுந்து நிக்கிறா. நேரம் வந்தா நடப்பா. இது புடிச்சு இழுத்து வர்றது இல்ல" என்றேன்.

"அதுக்கில்லீங்க மேடம். நாம ஏதாச்சும் பண்ணோணும்ல? சும்மா பார்த்துட்டே இருந்தா எப்படிங்க?"

பார்த்துக்கொண்டே இருப்பதுதான் என் வேலை. அதை நான் சொல்வதற்குள் சென்டர் ஹெட் குறுக்கே புகுந்து, "கண்டிப்பா பண்றோம் சார். காலைல பத்து நிமிஷம், சாயங்காலம் பத்து நிமிஷம், வாக்கிங் பிராக்டிஸ். வாராவாரம் வீடியோ வரும்" என்று சொல்லிவிட்டார். அப்பாவின் முகம் தெளிந்தது. நான் நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

மறுநாளிலிருந்து பயிற்சி தொடங்கியது. காலையில் வந்ததும் அவளுடைய இரண்டு கைகளையும் மேலே தூக்கிப் பிடித்து, குனிந்த முதுகோடு அறையைச் சுற்றி நடத்த வேண்டும். முதல் நாள் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தாள். இரண்டாம் நாள் காலை மடக்கிக்கொண்டு என் கைகளில் தொங்கினாள். மூன்றாம் நாள் அழுதாள். எனக்கு இடுப்பு விட்டுப்போனது. அதற்குள் ராகி சரி ஆறிப்போகும். கைக்குழந்தைகளுக்குக் காய்ச்சும் ராகிக் கூழைக் கன்னடத்தில் அப்படித்தான் சொல்வார்கள். ஒரு குழந்தையை அழ அழ நடத்திக்கொண்டிருப்பதால் மற்ற குழந்தைகள் பசியில் அழும்.

அடுத்த வாரத்தில் ஒரு காலை. அவளை அவள் அம்மா உள்ளே விட்டுவிட்டுப் போனார். நான் எப்போதும்போல இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு, "வாடா கண்ணு" என்று அவள் பக்கம் போனேன். முன்பெல்லாம் நான் கையை நீட்டினால் படகு மாதிரி பறந்து வருவாள். அன்று என் கையைப் பார்த்தாள், சட்டென்று திரும்பி, அறையின் மறுமூலைக்கு நகர்ந்து போய், ஹாசன் பெண்ணின் சுடிதார் நுனியைப் பிடித்துக்கொண்டாள்.

நீட்டிய கைகளை மடக்கிக்கொண்டேன். கோபம் வந்தது. யார்மேல் கோபப்படுவது என்று தெரியாத கோபம். அந்த அப்பாமேலா? அவர் குழந்தைமேல் உயிரையே வைத்திருந்தார். சென்டர் ஹெட்மேலா? ஆப்மேலா?

"பிடி மேடம்" என்றாள் ஹாசன் பெண். கன்னடத்தில் விட்டுவிடுங்கள் என்று அர்த்தம்.

விட்டுவிட்டேன். அன்றோடு பயிற்சி நின்றது. வெள்ளிக்கிழமை சென்டர் ஹெட் அறைக்குக் கூப்பிட்டார்.

"வாக்கிங் வீடியோ வரலையே?"

"நிறுத்திட்டேன் மேடம். என்னப் பாத்தா பயந்து ஓடுறா."

"நாம பேரன்ட்ஸ்கிட்ட கமிட் பண்ணியிருக்கோம்."

"நீங்கதான் பண்ணீங்க. நான் பண்ணல. நடக்கக் கத்துக்கிறது ஒரு பக்கம் இருக்கட்டும் மேடம், பெரியவங்க கையை நீட்டினா நம்பி வரணும்ங்கிறதும் அதே ஆப்ல இருக்கு. உறவும் நம்பிக்கையும்னு தலைப்பே போட்டிருக்கு. அது பச்சையா இருந்துச்சு. இப்போ நான் அதை சாம்பலா மாத்தணும். மாத்தட்டுமா?"

அவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்களைத் தேய்த்தார். "எனக்குப் புரியாம இல்ல. மாசக் கடைசில நம்ம கிளையைத்தான் எல்லாருக்கும் கீழ காட்டுறாங்க. நான் என்ன பண்ண?" என்றார். அவர் குரலில் முதல்முறையாகச் சலிப்பைக் கேட்டேன். என்னுடைய சலிப்பும் அவருடைய சலிப்பும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன என்று தோன்றியது. ஆனால் அதனால் எதுவும் மாறிவிடவில்லை. அடுத்த வாரமும் வீடியோ எங்கே என்று கேட்டார். நானும் இல்லை என்றேன். இப்படியே ஒரு மாதத்துக்கு மேல் போனது. இதற்கிடையில் குழந்தையின் அப்பா அலுவலக வேலையாகப் புனே போயிருந்தார். அங்கிருந்தும் சாம்பல் வட்டத்தைப் பற்றி விசாரித்துக்கொண்டிருந்தார்.

ஒரு வியாழக்கிழமை மத்தியானம். சாப்பாடு முடிந்து பாதிக் குழந்தைகள் தூங்கிவிட்டன. ஹாசன் பெண் விரிப்பின் ஓரத்தில் உட்கார்ந்து ஒரு குழந்தைக்குப் பிஸ்கட்டைத் தண்ணீரில் தொட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தாள். நான் டயபர் மாற்றும் மேஜையருகே நின்றிருந்தேன். நம் படகுக்காரி அலமாரியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்று அந்தப் பிஸ்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிடியை விட்டாள். கைகளை இரண்டு பக்கமும் தூக்கிக்கொண்டு, வயிற்றை முன்னால் தள்ளிக்கொண்டு, தள்ளாடினாலும் விழாமல் விரிப்பைக் கடந்து போய், அந்தக் குழந்தையின் கையிலிருந்த பிஸ்கட்டைப் பிடுங்கித் தன் வாயில் போட்டுக்கொண்டு, தொப்பென்று உட்கார்ந்தாள்.

பிஸ்கட்டை இழந்த குழந்தை வீறிட்டது.

"நடெதுபிட்ளு மேடம்!" என்று ஹாசன் பெண் கத்தினாள். நடந்துவிட்டாள்! அவள் கண்ணில் தண்ணீர். எனக்கும்தான். கையில் அழுக்கு டயபரோடு நின்றுகொண்டு சிரித்தேன்.

அவள் போனை எடுக்கப் போனாள். நான் தடுத்தேன். எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. யாரும் எழுதி வைத்ததில்லை. நான் வேலைக்குச் சேர்ந்த முதல் இடத்தில் மூத்த ஆசிரியைகள் எல்லாரும் கடைப்பிடித்ததைப் பார்த்துப் பழகியது. முதல் நடை, முதல் சொல், இதெல்லாம் நம் கண்முன்னால் நடந்தால் வாயைத் திறக்கக் கூடாது. அது வீட்டுக்காரர்களுடையது. "இப்பவோ அப்பவோ நடந்துருவா போல இருக்கு, பார்த்துக்கிட்டே இருங்க" என்று மட்டும் சொல்லி அனுப்ப வேண்டும். அன்று ராத்திரியோ மறுநாளோ வீட்டில் நடப்பாள். அவர்கள் அதுதான் முதல் தடவை என்று நினைத்துச் சந்தோஷப்படுவார்கள். நாள் முழுக்கப் பிள்ளையைப் பிரிந்து இருக்கிற ஒரு தாய்க்கு நாம் கொடுக்கக்கூடியது அவ்வளவுதான். ஹாசன் பெண்ணுக்கும் இது தெரியும். போனை உள்ளே வைத்துவிட்டாள்.

சாயங்காலம் அம்மா வந்தார். நான் முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு, "இன்னிக்கு நல்லா நின்னா. இந்த வாரக் கடைசில கொஞ்சம் கவனமா பாருங்க, நடந்தாலும் நடந்துருவா" என்றேன்.

"அப்படிங்களா?" என்றார். என் முகத்தையே ஒரு நொடி உற்றுப் பார்த்தார். பிறகு குழந்தையைத் தூக்கிக்கொண்டு அவசரமாகப் போய்விட்டார்.

மறுநாள் காலை நான் வருவதற்குள் சென்டர் ஹெட் அறையில் மாட்டியிருக்கும் கேமராவின் முந்தைய நாள் பதிவைப் பார்த்துவிட்டிருந்தார். பிஸ்கட் பறிபோன குழந்தை ஏன் அவ்வளவு நேரம் அழுதது என்று அதன் வீட்டில் கேட்டிருந்தார்களாம். அதைப் பார்க்கப் போய் இதைப் பார்த்திருக்கிறார்.

"நேத்து நடந்திருக்கா! நீங்க ஒரு வார்த்தை சொல்லல!"

நான் எங்கள் பழக்கத்தை விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "ரொம்ப நல்ல எண்ணம்தான். ஆனா நான் ஏற்கனவே போட்டுட்டேனே" என்றார்.

கேமரா பதிவை வெட்டி, கைதட்டும் படம் சேர்த்து, பின்னணியில் பியானோ இசை வைத்து, ஆப்பில் ஏற்றியிருந்தார். சாம்பல் வட்டம் பச்சையாகியிருந்தது. பிஸ்கட்டைப் பிடுங்கும் இடத்துக்கு முன்னாலேயே வீடியோவை நிறுத்தியிருந்தார். அதனால் அது ஏதோ அறிவொளியை நோக்கி நடப்பது மாதிரி இருந்தது.

எனக்கு ஆத்திரமாக வந்தது. அந்த அம்மா ஏதோ மீட்டிங்கில் உட்கார்ந்திருக்கும்போது போன் அதிர்ந்து, மேஜைக்கு அடியில் வைத்துத் தன் குழந்தையின் முதல் நடையைப் பார்த்திருப்பார் என்று நினைக்க நினைக்க ஆத்திரம் கூடியது. பத்தரை மணிக்கு அவரே வந்து நின்றார். கழுத்தில் அலுவலக அட்டையோடு, மூச்சு வாங்க.

"மேடம், உங்ககிட்ட தனியா பேசோணுங்க."

டயபர் மேஜைப் பக்கம் கூட்டிப்போனேன். திட்டுவார், அல்லது அழுவார். இரண்டுக்கும் தயாராக நின்றேன்.

"நேத்தே உங்களுக்குத் தெரியுங்களா?" என்றார்.

"தெரியும். நீங்க வீட்ல பார்க்கட்டும்னுதான் சொல்லல. இப்படி ஆகும்னு நினைக்கல, மன்னிச்சிருங்க."

அவர் குரலைத் தாழ்த்தினார். "ஒண்ணு சொல்றேன், யாருகிட்டயும் சொல்லிப்போடாதீங்க. அவ நடக்க ஆரம்பிச்சு பத்து நாளாச்சுங்க."

"என்னது?"

"வீட்டுலதானுங்க. நான் குளிச்சுட்டு வெளிய வர்றேன், சோபாவப் புடிச்சுட்டு நின்னவ கைய விட்டுப்போட்டு என்னப் பாத்து நடந்து வர்றா. நான் ஈரத்தலையோட அப்படியே தரைல உக்காந்துட்டேன்."

"சார்கிட்ட சொல்லலையா?"

"அவரு புனேல இருக்காருங்கல்ல. சொன்னா உடனே வீடியோ கேப்பாரு. அது எங்க நாத்தனாருக்குப் போகும். அப்புறம் இங்க ஆப்புல பச்சை ஆகும். பச்சை ஆனா அடுத்தது வந்துருமுங்க. படி ஏறோணும், பந்து உதைக்கோணும்னு. அவரு வர்ற வரைக்குமாச்சும் எம்புள்ள சும்மா நடக்கட்டும்னு விட்டுட்டேன். இங்க வந்து நடந்து காட்டிருவாளோன்னு தெனமும் பயந்துட்டே இருந்தேன். நேத்து நீங்க நின்னா நின்னானு சொன்னீங்கல்ல, போச்சு, பாத்துட்டாங்கன்னு நெனச்சேன்."

நான் சுவரில் சாய்ந்துகொண்டேன். ஒரு குழந்தையின் நடையை நான் அவரிடமிருந்து மறைத்திருக்கிறேன். அவர் என்னிடமிருந்து மறைத்திருக்கிறார். சிரிப்பு வந்தது, அவருக்கும் வந்தது, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். ஆனால் சிரிப்பு அடங்கியதும் வேறொன்று உறைத்தது. பத்து நாட்களாக வீட்டில் நடக்கிறவள் என் அறையில் ஏன் நடக்கவில்லை? நான் கையை நீட்டிக்கொண்டு வந்த அந்தக் காலைகள் ஞாபகம் வந்தன. என் அறையில் நடை என்றால் அவளுக்கு இழுத்து நடத்திய என் கைகள்தான். அவரிடம் அதைச் சொன்னேன், பிஸ்கட் கதையையும். "அதெல்லாம் இல்லீங்க, இங்க பிஸ்கட்டு தூரமா இருந்திருக்காது" என்றார். என்னைத் தேற்றுவதற்காகத்தான் அப்படிச் சொன்னார். நான் தேறவில்லை.

"இப்ப அவரு அந்த வீடியோவப் பாத்து மீட்டிங்லயே அழுதுட்டாராமா. ஸ்டேட்டஸ் எல்லாம் போட்டுட்டாரு. நான் போயி இது முதல் தடவ இல்லன்னு சொல்ல முடியுங்களா?"

"வேணாம். சொல்லாதீங்க" என்றேன்.

சனிக்கிழமை அப்பா புனேயிலிருந்து திரும்பினார். திங்கட்கிழமை இரண்டு பேருமாக வந்தார்கள். அவர் எங்கள் எல்லோருக்கும் ஒரு பெட்டி இனிப்பு கொண்டுவந்திருந்தார். உண்மையாகவே நெகிழ்ந்திருந்தார், என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார். அந்தக் கும்பிடை எங்கே வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை. பிறகு போனை எடுத்து, "அடுத்து படி ஏறுறது வந்திருக்குதுங்க மேடம். இதுக்கு நம்ம..." என்று ஆரம்பித்தார்.

"ஒண்ணும் வேண்டாங்க" என்றார் அம்மா.

அப்பா திரும்பிப் பார்த்தார். சென்டர் ஹெட்டும்.

"மூணு மாசத்துக்கு எந்த இலக்கும் வேண்டாங்க. கண்ணு, காது, பேச்சு, ஏதாச்சும் சந்தேகம்னா மேடம் எங்ககிட்ட சொல்லட்டும். மத்ததெல்லாம் அவ பாத்துக்குவா. நானு காலைல ஏழு மணிக்கு ஆபீஸ் போன எடுத்தா ராத்திரி வரைக்கும் இலக்குதான். எம்புள்ளைக்கும் அதேவா?"

அவர் குரலை உயர்த்தவில்லை. அப்பா போனைக் கீழே இறக்கினார். "உனக்கு இவ்வளவு கஷ்டமா இருந்துச்சுன்னு சொல்லவே இல்லியே" என்றார். "நீங்க எப்பக் கேட்டீங்க?" என்றார் அம்மா. நானும் சென்டர் ஹெட்டும் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டோம்.

இலக்கே இல்லாமல் ஆப் ஒத்துக்கொள்ளாது என்பது அப்புறம்தான் தெரிந்தது. குறைந்தது ஒன்றாவது தேர்ந்தெடுக்காமல் பக்கத்தைச் சேமிக்க முடியாது. சென்டர் ஹெட் இப்படியும் அப்படியும் அழுத்திப் பார்த்தார். கடைசியில் அவரே சோர்ந்துபோய், 'உணவைத் தானே எடுத்துச் சாப்பிடுதல்' என்பதைத் தேர்ந்தெடுத்து, உடனே பச்சையும் போட்டுவிட்டு, "இதுல யாருக்கும் சந்தேகம் இல்லையே?" என்று கேட்டார். அந்த அறையில் எல்லோரும் ஒன்றாகச் சிரித்தது அப்போதுதான்.

இதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். அந்த ஒரு குழந்தைக்குத்தான் விடுதலை. மற்ற குழந்தைகளுக்கு நான் இன்றும் வாராவாரம் கட்டை அடுக்கிக்கொண்டிருக்கிறேன். அந்த மாதக் கடைசியில் தலைமை அலுவலகத்திலிருந்து எனக்கு ஒரு சான்றிதழ் வந்தது. எல்லாக் கிளைகளிலும் சிறந்த வளர்ச்சிப் பதிவு அந்த நடை வீடியோவாம். நான் எடுக்காத, எடுக்கக் கூடாது என்று தடுத்த வீடியோ. கண்ணாடிச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டியிருக்கிறார்கள். ஹாசன் பெண் அதைக் கடந்து போகும்போதெல்லாம் எனக்கு சல்யூட் வைக்கிறாள்.

ஒன்றரை வயது முடிந்ததும் குழந்தை பக்கத்தில் கொஞ்சம் பெரிய குழந்தைகளுக்கான டாட்லர் அறைக்குப் போனாள். முதல் வாரம் கண்ணாடிக் கதவு வழியாக என்னைப் பார்த்துக் கையாட்டினாள். இரண்டாம் வாரம் ஆட்டவில்லை. புது அறையில் மணல் தொட்டி இருக்கிறது. மூன்றாம் வாரம் அந்த அறையின் ஆசிரியை மத்தியானச் சாப்பாட்டுக்கு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். டப்பாவைக்கூடத் திறக்கவில்லை, அதற்குள் புலம்ப ஆரம்பித்துவிட்டாள்.

"அக்கா, உங்க ரூம்ல இருந்து வந்தவ இருக்காளே, ஒரு இடத்துல நிக்க மாட்டேங்குறா. ஓடிக்கிட்டே இருக்கா. இந்த வாரம் எங்க ரூமுக்கு இலக்கே வரிசைல நிக்கிறதுதான். வீடியோ எடுக்கணும். நான் எப்படி எடுப்பேன்?"

நான் அவளுக்கு என் டப்பாவிலிருந்து கொஞ்சம் புளியோகரே எடுத்து வைத்தேன். "சாப்பிடு முதல்ல" என்றேன்.